அரைக்கம்பம்

மெல்பேர்னின் மல்கிரேவில் யோகாவின் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இலக்கம் சொல்லத் தேவையில்லை. பின்வளவில் வெள்ளைக் கொடிக்கம்பம் நிற்கிற வீடு என்றால் போதும். கூரைக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு தெருமுனையிலேயே அது தெரியும். வருடத்தில் சில நாட்கள் அதில் ஒரு கொடி பறக்கும். சிவப்புத் துணி, நடுவில் வெள்ளைச் சிலுவை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் அதைச் சுவிஸ் கொடி என்று நினைத்தார். கோயிலுக்கு வரும் தமிழ்ச் சனமோ, யோகாவும் புருசனும் வேதத்துக்கு மாறிக் கிறிஸ்தவராகிவிட்டார்கள் என்று ஒரு காலம் கதைத்துக்கொண்டு திரிந்தது. வெள்ளி தவறாமல் விரதம் பிடிக்கிற யோகாவுக்கு அதைக் கேட்டபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அது டென்மார்க் கொடி. யோகாவின் புருசன் வரதராஜா எண்பத்தாறில் அகதியாக அங்கே போய் இறங்கியவர். சில வருடம் மீன் தொழிற்சாலையில் நின்று கை விறைத்தபிறகு, யூலண்ட் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் நகரசபைப் பள்ளிக்கூடத்துக்குக் காவலாளாகச் சேர்ந்தார். கதவு திறப்பது, பனி வழிப்பது, உடைந்த மேசை பூட்டுவது, இவற்றோடு கொடியேற்றுவதும் அவர் வேலை. டேனிஷ்காரருக்குக் கொடி என்றால் ஒரு தனிப் பைத்தியம். ராணியின் பிறந்தநாளுக்கும் ஏற்றுவார்கள், வீட்டுப் பூனையின் பிறந்தநாளுக்கும் கேக்கில் குத்துவார்கள். போர்க்களத்தில் வானத்திலிருந்து விழுந்த கொடி என்று அதற்கு ஒரு கதையும் வைத்திருந்தார்கள்.

வரதராஜா அந்தக் கதையைப் பெரிதாக நம்பவில்லை. ஆனால் முறைகளை ஒன்று விடாமல் பழகினார். விடிந்தபின் ஏற்றவேண்டும், பொழுது சாயமுதல் இறக்கவேண்டும், நிலத்தில் முட்டவிடக் கூடாது. மீன்வால்போல் இரண்டாய்ப் பிளந்த கொடி அரசாங்கத்துக்கு உரியது. நீள்சதுரக் கொடி மற்றவர்களுக்கு. அதைக்கூட ஒரு காலம் சாதாரண சனம் தரையில் ஏற்றக் கூடாதென்று அரசன் தடை போட்டிருந்தானாம், பிறகுதான் விட்டார்களாம். ஆராவது செத்தால் அரைக்கம்பம். அதற்கும் நேரே பாதியில் கட்டிவிட முடியாது. முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு இறக்கவேண்டும். அடக்கம் முடிந்தது என்று தெரிந்தால் திரும்ப உச்சிக்கு ஏற்றிவிடவேண்டும். இதையெல்லாம் அவர் இரவுச் சாப்பாட்டில் சொல்லுவார். யோகா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு பிள்ளைக்குச் சோறு தீத்துவாள்.

அந்தக் கொடி அவர்கள் வீட்டுக்குள் பூகம்பமாய் வந்தது இரண்டாயிரத்தொன்பது மே மாதம்.

வன்னியில் போர் முடிந்த கிழமை அது. யோகாவின் தங்கச்சி மிருணாளினியும் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். மாசியில் ஒரு தரம் கோல் எடுத்தவள், அதன்பிறகு சத்தமே இல்லை. யோகாவின் தம்பி சுஜீதன் அப்போது அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி இருந்தான். றெயில் சிக்னல் எஞ்சினியர். அவன் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, கொம்பியூட்டரில் செத்தவர்களின் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு காலை அப்படியே எழும்பிப் பள்ளிக்கூட முற்றத்துக்குப் போனான். வரதராஜா புல்லு வெட்டிக்கொண்டு நின்றார். யோகாவும் அன்றைக்குப் புருசனுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தாள், அதனால் எல்லாவற்றையும் கண்ணால் கண்டாள்.

கொடியை அரைக்கம்பத்தில் விடச்சொல்லிச் சுஜீதன் கேட்டான். இந்த ஊரில் ஒருத்தனாவது, என்ன நடந்தது என்று எங்களைக் கேட்கட்டும் என்றான்.

வரதராஜா மெசினை நிற்பாட்டினார். "தம்பி, இது நகரசபையின்ர கொடி. அவை சொல்லாமல் நான் தொடேலாது."

"போன மாசம் பென்சன் எடுத்த வாத்தியார் ஒராள் செத்ததுக்கு இறக்கினீங்கள்."

"அது அவை சொன்னது."

சுஜீதன் அவரை மேலிருந்து கீழே பார்த்தான். "இந்தக் கொடி தரங்கம்பாடிக் கோட்டையிலயும் பறந்ததுதான் அத்தான். அங்கயும் எங்கட ஆக்கள்தான் துரைமாருக்கு ஏத்தி இறக்கியிருப்பினம்."

அவ்வளவுதான். திரும்பிப் போனவன் அதன்பிறகு அத்தானோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அடுத்த வருடமே அவுஸ்திரேலிய விசா எடுத்துச் சிட்னிக்குப் போய், வென்ட்வேர்த்வில்லில் வீடு வாங்கிக் குடும்பத்தோடு இருந்துவிட்டான். அக்காவோடு கதைப்பான். அத்தான் பேச்சு வந்தால் வேறு கதைக்கு மாறுவான், மாறமுடியாவிட்டால் பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிடுவான்.

யோகாவுக்கும் அந்தக் கோடைகாலம் முழுக்கப் புருசன்மேல் கோபம்தான். சட்டப்படி அவர் பக்கம் நியாயம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தங்கச்சி எங்கே கிடக்கிறாள் என்று தெரியாதவளுக்குச் சட்டம் என்ன செய்யும்? சமைத்தாள், கோப்பையில் போட்டு வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, வாதாடவும் இல்லை. பின்னேரங்களில் பல்கனியில் போய் நிற்பார். அது மாடி வீடு, கம்பம் நட ஒரு முழம் நிலம் கிடையாது.

மகள் கமலினி மெல்பேர்னில் கலியாணம் கட்டினாள். சில வருடத்தில் தாய் தகப்பனையும் கூப்பிட்டாள். மல்கிரேவில் சின்னதாக ஒரு வீடு எடுத்தார்கள். வரதராஜா அங்கே அலுவலகக் கட்டடங்கள் துப்பரவாக்கும் வேலைக்குப் போனார். புது வீட்டில் திரைச்சீலை போடமுதல், கதிரை வாங்கமுதல், பின்வளவில் கிடங்கு வெட்டிச் சீமெந்து குழைத்துக் கம்பத்தை நட்டார். இந்த மனிசனுக்கு இங்கே வந்தும் டென்மார்க் ராணியோ என்று யோகா தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த மே பதினெட்டு, வன்னியில் போர் முடிந்த நாள். யோகா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவள், ஜன்னலால் வளவைப் பார்த்தாள். வரதராஜா வேலைக்குப் போகிற உடுப்போடு கம்பத்தடியில் நின்றார். கொடி உச்சிக்குப் போனது. கொஞ்சம் நின்றது. பிறகு மெல்ல, மெல்ல, பாதிக்கு இறங்கியது. அவர் கயிற்றைக் கட்டிவிட்டு, சப்பாத்து ஈரமாகிறது என்றும் பாராமல் புல்லில் நின்றார். பிறகு உள்ளே வந்து, தேத்தண்ணியைக் குடித்து, வேலைக்குப் போட்டு வாறன் என்று சொல்லிப் போய்விட்டார். யோகா கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்தது கிடையாது. தம்பியிடம் சொல்லவேண்டும் என்று யோகா பலமுறை நினைத்தாள். அத்தான் என்ற சொல்லுக்கே போனை வைக்கிறவனிடம் எப்படித் தொடங்குவது?

போன வருடம், சித்திரை வருடப்பிறப்புக்குக் கொஞ்சம் முதல், வரதராஜாவுக்குப் பாரிசவாதம் வந்தது. பல் தீட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் வலது கை தொங்கிப்போனது, வலது கால் இழுத்தது, சொற்கள் ஒவ்வொன்றாய்த் தேடித்தான் வந்தன. மறுவாழ்வு வார்ட்டில் இருந்தபோது தாதிமாரைப் பார்த்து அடிக்கடி இன்றைக்கு என்ன திகதி என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூளை தெளிவாக இருக்கிறதா என்று சோதிக்க அவர்கள்தான் அதைக் கேட்பார்கள், இங்கே நோயாளி கேட்கிறார் என்று தாதிமார் சிரித்தார்கள். மே நடுவில் வீட்டுக்கு விட்டார்கள்.

கமலினி தாய்க்குச் சொல்லாமல் சிட்னிக்குப் போன் அடித்து, மாமா, அப்பாவை ஒருக்கா வந்து பாருங்கோ என்று கேட்டிருக்கிறாள். சுஜீதன் வந்தான். வெள்ளி பின்னேரம் கையில் ஒரு பையோடு வாசலில் நின்ற தம்பியைக் கண்டு யோகா ஓடிப்போய்ப் பையை வாங்கினாள். தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே வந்து, கட்டிலில் சாய்ந்திருந்த அத்தானைப் பார்த்துத் தலையாட்டினான். அவரும் ஆட்டினார். அறையில் இருந்த கதிரையைச் சுவரோரம் தள்ளிப் போட்டு அதில் இருந்தான். மருந்து என்ன, சாப்பாடு என்ன என்று எல்லாவற்றையும் அக்காவிடம்தான் கேட்டான்.

சனி மத்தியானம் மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். யோகா கோழிக்கறி வைத்திருந்தாள். வரதராஜா இடது கையால் கரண்டி பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே கம்பம் தெரிந்தது. சுஜீதன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இப்ப டென்மார்க்கில அனுமதியில்லாமல் வேற நாட்டுக் கொடி ஏத்தேலாதாம் அக்கா. தை மாசம் சட்டம் வந்திட்டுது."

அக்காவுக்குச் சொன்னானே தவிர, அது யாருக்கு என்று மேசைக்கே தெரியும். யோகா கறியைக் கிண்டினாள். வரதராஜா கரண்டியை வைத்தார். வாய் ஒருபக்கம் கோணி, சொல் வர நேரமெடுத்தது.

"பக்கத்து... நாடுகளின்ர... ஏத்தலாம்."

அதைச் சொல்லிவிட்டுத் திரும்பக் கரண்டியை எடுத்தார். சுஜீதனுக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும், தலையைக் குனிந்துகொண்டான். பதினாறு வருடத்துக்குப் பிறகு அத்தான் அவனுக்குச் சொன்ன முதல் கதை அது.

ஞாயிறு விடிந்தபோது யோகா எழும்பிப் பார்த்தால் கட்டிலில் புருசன் இல்லை. பதறிக்கொண்டு ஓடினாள். பின்கதவடியில், வோக்கரைப் பிடித்தபடி, பெஞ்சில் இருந்தார். இரவு உடுப்பை மாற்றி, ஒற்றைக் கையால் சேட்டுப் போட்டிருந்தார். பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. அவளைப் பார்த்துக் கண்ணால் கம்பத்தைக் காட்டினார். அப்போதுதான் யோகாவுக்கு நாள் உறைத்தது.

உங்களுக்கு ஏலாது, இந்த வருசம் விடுவம் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அலுமாரியைத் திறந்து, சிவப்பாய் மடித்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் இடது கையை வேகமாய் ஆட்டினார். விரித்துப் பார்த்தால் அது மீன்வால் கொடி. அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்குக் கமலினி இன்ரநெற்றில் பார்த்து வடிவாயிருக்கிறது என்று வாங்கிக் கொடுத்தது. அரசாங்கத்தின் கொடியை நான் எப்படி ஏற்றுவது என்று சொல்லி, மகளின் மனம் நோகாமல் மடித்து வைத்திருந்தார். யோகா திரும்பிப் போய், கீழ்த்தட்டில் இருந்த நீள்சதுரக் கொடியைக் கொண்டுவந்தாள். அவர் தலையாட்டினார்.

இவ்வளவு காலமும் அவள் அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை. புல்லில் பனி. கொடியை ஒரு தோளில் போட்டுக்கொண்டு முடிச்சுப் போட்டாள். கொஞ்சத் தூரம் ஏறியதும் கயிறு கப்பியில் சிக்கி நின்றது. இழுத்தாள். தோள் மூட்டு நோ அவளுக்கு எப்போதும் உண்டு, கை மேலே போகவில்லை. இன்னொருதரம் இழுக்க முடிச்சு அவிழ்ந்து, கொடி சரசரவென்று கீழே வந்தது. பின்கதவடியில் வரதராஜா எழும்பப் பார்த்து, எழும்ப முடியாமல், தொண்டையால் ஒரு சத்தம் போட்டார்.

சுஜீதன் எப்போது எழும்பினான், எப்போது வளவுக்கு வந்தான் என்று யோகா காணவில்லை. வெறுங்காலோடு ஓடிவந்து, புல்லில் விழமுதல் கொடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். மூச்சு வாங்க நின்றான். பிறகுதான் தான் என்ன பிடித்திருக்கிறோம் என்று பார்த்தான்.

"ஏலாத மனிசனை வைச்சுக்கொண்டு உங்களுக்கென்ன விசர் அக்கா? புது ராசாவின்ர பிறந்தநாள் அடுத்த கிழமையெல்லோ?"

"ராசாவுக்கு இல்லையடா. இண்டைக்கு மே பதினெட்டு."

அவன் முகம் மாறியது. யோகா அப்போதும் நிறுத்தவில்லை. இனி நிறுத்தினால் ஒருநாளும் சொல்லமாட்டோம் என்று அவளுக்குப் பட்டது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் அத்தான் கொடியை அரைக்கம்பத்தில் விடுகிறவர் என்று சொன்னாள். கம்பத்தை நட்டதே அதற்குத்தான் என்று தான் நினைப்பதாகச் சொன்னாள். தன்னிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றும் சொன்னாள்.

சுஜீதன் கொடியைக் கையில் சுருட்டிக்கொண்டு பின்கதவடிக்கு நடந்தான். அத்தானுக்கு முன்னால் போய் நின்றான். கோபமா, வேறென்னமோ, யோகாவுக்குப் பிடிபடவில்லை. பயந்துகொண்டு பின்னால் போனாள்.

"பள்ளிக்கூடத்தில ஏலாதெண்டனீங்கள்."

"அந்தக் கொடி... என்ர இல்லை, தம்பி." வரதராஜா மூச்சு எடுத்தார். "இது என்ர."

"இதுவும் எங்கட கொடி இல்லையே அத்தான்."

"ஓம்." அவர் அதை மறுக்கவில்லை. "எனக்கு... ஏத்தத் தெரிஞ்சது... இதுதான்."

மரத்தில் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. வேலிக்கு அப்பால் யாரோ கார் ஸ்ராட் பண்ணினார்கள். சுஜீதன் கேட்டான், ஆருக்காக இறக்குகிறீர்கள் என்று. வரதராஜா மிருணா என்றார். பிறகு பிள்ளைகள் இருவரின் பெயரையும் சொன்னார். நாக்கு புரளாமல் அந்த மூன்று பெயரும் தெளிவாக வந்தன.

யோகா பயந்தது அதற்குத்தான். சுஜீதன் கொதித்தான். மிருணாளினி செத்துவிட்டாள் என்று இன்றுவரை அவன் ஒத்துக்கொண்டதில்லை. முகாம்களில் தேடினான், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதினான், காணாமல் போனவர்களின் தாய்மார் தெருவில் போராட்டம் இருக்கிற படங்களில் எல்லாம் முகம் பார்த்தான். அந்தியேட்டிக் காரியம் செய்வோம் என்று யோகா ஒருதரம் கேட்டதற்கு, உயிரோடு இருக்கிறவளுக்கா என்று கேட்டு மாதக்கணக்கில் கதைக்காமல் இருந்தவன்.

"அவள் செத்தவள் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

வரதராஜா பதிலைத் தேடினார். நெற்றி வியர்த்தது. அவர் இடது கையைத் தூக்கி, உச்சி என்பதுபோல் காட்டினார்.

"அடக்கம் முடிஞ்சாத்தான்... திரும்ப மேல ஏத்தலாம். நான்... ஒரு வருசமும்... மேல ஏத்தேல்லை." கையைப் பாதிவரை இறக்கிப் பிடித்தார். "இதிலதான்... விட்டிருக்கிறன். பொழுதுபடுமட்டும்."

சுஜீதனுக்கு விளங்கியது, அத்தானும் அவளை இன்னும் அடக்கம் செய்யவில்லை. அவனும் அந்த ஊரில் இருபது வருடம் இருந்தவன்தானே. செத்த வீட்டுக் கொடி மத்தியானத்துக்குப் பிறகு உச்சிக்கு ஏறுவதை எத்தனை தரம் கண்டிருப்பான். அவன் வாசற்படியில் இருந்தான். கொடியை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை மூடாமல், சின்னப்பிள்ளைபோல் அழுதான். யோகா பக்கத்தில் இருந்து அவன் முதுகைத் தடவினாள். வரதராஜாவின் இடது கை வந்து மைத்துனனின் நரைத்த தலையில் தங்கியது. அவன் அதைத் தட்டிவிடவில்லை.

பிறகு சுஜீதன் எழும்பி முகத்தைக் கழுவி, சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தான். கப்பியில் சிக்கின கயிற்றை உதறி எடுத்தான். எந்தப் பக்கத்தைக் கட்டுவது என்று திரும்பிப் பார்த்தான். வரதராஜா பெஞ்சில் இருந்தபடி கையால் காட்டினார். இந்தக் கொடியை ஏற்றுவது தனக்கு இப்போதும் சரியாகப் படவில்லை என்று அவன் அக்காவிடம் மெல்லச் சொன்னான். சொல்லிக்கொண்டே கட்டினான். அது உச்சிவரை போனது. அத்தானைப் பார்த்தான். அவர் தலையாட்ட, மெதுவாய்ப் பாதிக்கு இறக்கினான்.

அன்று சிட்னியில் நினைவுக் கூட்டம் இருந்தது. சுஜீதன் அதில் பேசுவதாக இருந்தவன், வரமுடியாது என்று போன் அடித்துச் சொல்லிவிட்டு, பயணத்தையும் தள்ளிப் போட்டான். இரண்டு ஆண்களும் பகல் முழுக்கப் பின்கதவடியில் இருந்தார்கள். கமலினி வந்து எட்டிப் பார்த்து, என்ன அதிசயம் அம்மா என்று கண்ணால் கேட்டாள். யோகா உதட்டில் விரலை வைத்தாள். பொழுது சாயும்போது, டென்மார்க் வழமைப்படி ஒருதரம் உச்சிக்கு விட்டு இறக்குவோமா என்று சுஜீதன் கேட்டான். வரதராஜா யோசித்தார். வேண்டாம் என்று தலையசைத்தார். அப்படியே இறக்கினான்.

சிட்னிக்குப் போய்ச் சில கிழமை கழித்து ஒரு பின்னேரம் தம்பியின் கோல் வந்தது. சுகம் விசாரித்தான், அத்தான் நடக்கிறாரா என்று கேட்டான்.

"மிருணாவின்ர காரியத்தைச் செய்வம் அக்கா."

ஆவணியில் செய்தார்கள். உடல் இல்லாதபடியால் ஐயர் தர்ப்பையில் மூன்று உருவம் கட்டினார், ஒன்று பெரிது, இரண்டு சின்னது. சின்னது இரண்டையும் பார்க்க யோகாவால் முடியவில்லை. கடற்கரையில் குளிர்காற்று ஊசியாய்க் குத்தியது. சுஜீதன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரைத்துவிட்டு வந்தான். நடுங்கிக்கொண்டு நின்றவனுக்கு வரதராஜா தன் கோட்டைக் கழற்றிக் கொடுக்கப் பார்த்தார், ஒற்றைக் கையால் கழலவில்லை, கமலினி உதவினாள். வீட்டுக்கு வந்ததும் சுஜீதன் யாரும் கேட்காமலே அலுமாரியைத் திறந்தான். கொடி உச்சிக்குப் போய், பாதியில் கொஞ்சம் நின்று, திரும்ப உச்சிக்குப் போனது. காற்றுக்கு அது அடித்த அடியில் கயிறு கம்பத்தில் டக்டக்கென்று முட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தோடே எல்லோரும் இருந்து சாப்பிட்டார்கள்.

சுஜீதன் அடுத்தநாள் வெளிக்கிட்டபோது, மகளுக்குத் தையில் கலியாணம், அத்தான் இல்லாமல் நடக்காது என்றான். வென்ட்வேர்த்வில் வீட்டு வாசலில் படிகள் இருக்கின்றன, அதுதான் யோசனையாக இருக்கிறது என்றும் சொன்னான்.

"தைக்கு... எத்தினை மாசம் கிடக்கு," என்றார் வரதராஜா. "ஏறப் பழகியிடுவன்."

கார் போனபிறகு யோகா பிசியோதெரபிப் பெண்ணுக்குப் போன் எடுத்து, படி ஏறுகிற பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று கேட்டாள். அவள் வருகிற கிழமையே தொடங்கலாம் என்றாள்.